வீட்டுக் கடனை விரட்டும் ஒர்க் ஷீட்

புதுக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த முதல் வாரம் பாட்டு, படம், போட்டோ என்று ஓடிவிடும். இரண்டாவது வாரம் பிள்ளைகள் கேம்ஸ் ஆட உட்கார்ந்துவிடுவார்கள். இடையில் ஒரு நாள் நாம் எக்செல் புரோகிராமைத் திறப்போம். கட்டம் கட்டமாக ஒரு வெள்ளைத் தாள் தெரியும். "இது ஆபீஸ்காரர்களுக்கு" என்று மூடிவிடுவோம். மாதாமாதம் வீட்டுக் கடன் தவணை கட்டும் குடும்பமாக இருந்தால், தயவுசெய்து மூடாதீர்கள். 2028 ஜூனில் முடிய வேண்டிய எங்கள் கடன் 2024 ஜனவரியில் முடிந்ததற்கு அந்தக் கட்டங்கள்தான் காரணம்.

எக்செல் உங்களிடம் இல்லையா? லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் இலவசம். இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். இங்கே சொல்லப்போகும் எல்லாம் இரண்டிலும் வேலை செய்யும்.

நாங்கள் இருப்பது புதுச்சேரி லாஸ்பேட்டையில். பிரெஞ்சு ஆட்சியில் 1765 முதல் புதுச்சேரியை நிர்வகித்த லா தெ லோரிஸ்தோன் என்பவரின் பெயரால் வந்த பேட்டை இது என்று சொல்வார்கள். அவருடைய பெரியப்பா ஜான் லா, 1716-ல் பாரீஸில் வங்கி தொடங்கி பிரான்ஸ் முழுக்கக் காகிதப் பணத்தைப் புழங்க விட்டவர். 1720-ல் அது சீட்டுக்கட்டு போலச் சரிந்தது. கடன் கணக்குப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது!

சரி, விஷயத்துக்கு வருவோம். 2008-ல் கடன் வாங்கும்போது எனக்கு வயது 41. வங்கி கொடுத்தது 20 ஆண்டுத் தவணை. தனியார் கம்பெனி வேலை, 58-ல் ஓய்வு. அதாவது சம்பளம் 2025-ல் நிற்கும், தவணை 2028-ல்தான் நிற்கும். நடுவில் மூன்று ஆண்டு. பென்ஷன் கிடையாது. நாற்பதை ஒட்டிய வயதில் வீடு வாங்கும் பெரும்பாலானோருக்கு இந்த இடைவெளி இருக்கிறது. கையெழுத்துப் போடும் சந்தோஷத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

என் கடனின் வட்டி பல முறை ஏறி இறங்கியது. குழப்பம் வேண்டாம் என்பதால் இந்தக் கட்டுரைக்கு ஒரு சுலபமான கணக்கை எடுத்துக்கொள்வோம். கடன் 20 லட்சம், வட்டி 9 சதவீதம், காலம் 20 ஆண்டு.

முதல் ஷீட்

புதிய ஒர்க் ஷீட் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். மேலே ஏ, பி, சி என்று நெடுவரிசைகளும் பக்கவாட்டில் 1, 2, 3 என்று வரிசைகளும் தெரியும். பி நெடுவரிசையும் 1-ஆம் வரிசையும் சந்திக்கும் கட்டத்துக்குப் பெயர் பி1. இந்தக் கட்டத்தைத்தான் செல் என்கிறோம்.

ஏ1-ல் "கடன்" என்று எழுதி, பி1-ல் 2000000 என்று டைப் செய்யுங்கள். ஏ2-ல் "வட்டி", பி2-ல் 9%. ஏ3-ல் "ஆண்டு", பி3-ல் 20. ஏ4-ல் "தவணை" என்று எழுதிவிட்டு, பி4-ல் கீழே உள்ள பார்முலாவை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

=பிஎம்டி(பி2/12,பி3*12,-பி1)

பிஎம்டி என்பது பேமென்ட் என்பதன் சுருக்கம். அதன் முதல் எழுத்து பேப்பரில் வரும் பி. மற்ற மூன்று இடங்களில் இருப்பது பஸ்ஸில் வரும் பி. மாற்றிப் போட்டால் கம்ப்யூட்டர் கோபித்துக்கொள்ளும். ஆண்டு வட்டியை 12-ஆல் வகுப்பதும், ஆண்டை 12-ஆல் பெருக்குவதும் எல்லாவற்றையும் மாதக் கணக்குக்குக் கொண்டுவரத்தான். விடையாக 17,994.52 வரும். லட்சத்துக்கான காற்புள்ளி சரியான இடத்தில் விழவில்லை என்றால், விண்டோஸின் ரீஜன் அமைப்பில் இங்கிலீஷ் (இந்தியா) என்று மாற்றிவிடுங்கள்.

இனி ஏ5-ல் "மாதம் கூடுதல்" என்று எழுதி, பி5-ல் இப்போதைக்கு 0 போடுங்கள். 6, 7 வரிசைகளைக் காலியாக விட்டுவிட்டு, 8-ஆம் வரிசையில் தலைப்புகளை எழுதுங்கள்: ஏ8 மாதம், பி8 பாக்கி, சி8 வட்டி, டி8 அசல், ஈ8 மீதி, எஃப்8 இடையில் கட்டியது. அதன் கீழே 9-ஆம் வரிசை முதல் மாதம்.

ஏ9-ல்: 1
பி9-ல்: =பி1
சி9-ல்: =பி9*$பி$2/12
டி9-ல்: =மின்($பி$4+$பி$5-சி9,பி9)
ஈ9-ல்: =பி9-டி9-எஃப்9

டாலர் குறி பணத்துக்காக அல்ல. "கீழே எத்தனை முறை காப்பி செய்தாலும் இந்தச் செல்லையே பார்" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஆணி அது. செல் பெயரை டைப் செய்ததும் எஃப்4 கீயைத் தட்டினால் தானாக வரும். மின் என்பது மினிமம். கடைசி மாதத்தில் பாக்கியை விட அதிகமாகக் கழித்துவிடாமல் அது தடுக்கிறது.

10-ஆம் வரிசையில் ஏ10-ல் =ஏ9+1 என்றும் பி10-ல் =ஈ9 என்றும் போடுங்கள். சி9, டி9, ஈ9 மூன்றையும் சேர்த்துத் தேர்வு செய்து காப்பி செய்து சி10-ல் பேஸ்ட் செய்யுங்கள். பிறகு ஏ10 முதல் ஈ10 வரை தேர்வு செய்தால் வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்து 248-ஆம் வரிசை வரை இழுத்து விடுங்கள். 240 மாதங்களும் கண் முன்னே நிற்கும்.

கடைசியாக ஏ6-ல் "மொத்த வட்டி" என்று எழுதி, பி6-ல் =சம்(சி9:சி248). ஏ7-ல் "மாதங்கள்" என்று எழுதி, பி7-ல் =கவுன்ட்இஃப்(பி9:பி248,">0"). கண்ட்ரோல் கீயுடன் எஸ் தட்டி சேவ் செய்துவிடுங்கள். 1979-ல் விசிகால்க் என்ற முதல் ஸ்பிரெட்ஷீட் வருவதற்கு முன்பு இந்த வேலைக்கு ஒரு கணக்குப்பிள்ளை பென்சில் ரப்பரோடு நாள் கணக்கில் உட்கார வேண்டியிருந்தது.

இப்போது ஷீட்டைப் பாருங்கள். மொத்த வட்டி 23 லட்சத்து 18 ஆயிரம் சொச்சம். வாங்கிய கடனை விட அதிகம்! முதல் மாதத் தவணையில் வட்டி 15,000. அசலுக்குப் போவது 2,995 மட்டும். ஐந்து ஆண்டுகளில் 10 லட்சத்து 80 ஆயிரம் வரை கட்டியிருப்பீர்கள். அசலில் குறைந்திருப்பது 2 லட்சத்து 26 ஆயிரம்தான். தவணையில் வட்டியை விட அசல் அதிகமாக இருக்கும் முதல் மாதம் எது தெரியுமா? 149-ஆவது. பன்னிரண்டு ஆண்டு தாண்டிவிடும். வங்கி ஏமாற்றுகிறது என்று சிலர் கொதிப்பார்கள். அப்படி இல்லை. பாக்கி அதிகமாக இருக்கும்போது வட்டியும் அதிகமாகத்தான் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் நமக்கு வேண்டிய துப்பு இதில்தான் இருக்கிறது: ஆரம்ப ஆண்டுகளில் அசலுக்குப் போகும் சின்னத் தொகைக்கு பலம் அதிகம்.

சோதித்துப் பார்க்கலாம். முதல் ஆண்டின் முடிவில், அதாவது எஃப்20-ல் 50000 என்று போடுங்கள். பி7 செல் 240-லிருந்து 226-க்கு இறங்கும். வட்டியில் சுமார் 2 லட்சத்து 11 ஆயிரம் மிச்சம். அதை அழித்துவிட்டு அதே 50000-ஐ பத்தாம் ஆண்டின் முடிவில், எஃப்128-ல் போடுங்கள். 234 மாதம். மிச்சம் 70 ஆயிரம் அளவுதான். தொகை ஒன்றே. "பிள்ளைகள் வளர்ந்த பிறகு கையில் பணம் இருக்கும், அப்போது சேர்த்து அடைத்துக்கொள்ளலாம்" என்று சொல்கிறவர்களிடம் இந்த இரண்டு செல்களைக் காட்டுங்கள்.

ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய்

எங்கள் வீட்டுக் கேள்விக்கு வருகிறேன். 17 ஆண்டு முடிவில், ஓய்வு பெறும் நாளில் பாக்கி எவ்வளவு? 204-ஆவது மாதத்தின் ஈ செல்லில் பாருங்கள்: 5 லட்சத்து 66 ஆயிரம். ஓய்வின்போது வரும் பி.எஃப். பணத்தில் பெரிய பங்கு அதற்கே போய்விடும். சரி, 17 ஆண்டிலேயே முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும்? பி3-ல் 20-க்குப் பதில் 17 போட்டால் தவணை 19,176 என்று காட்டும். வித்தியாசம் 1,182 ரூபாய்.

இந்த எண்ணை முதல் முறை பார்த்தபோது என் மனைவி, "ஏங்க, இவ்வளவுதானா?" என்று கேட்டார். ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய்கூட இல்லை. மறுபடி பி3-ல் 20-ஐப் போட்டு, பி5-ல் 1182 என்று கொடுங்கள். பி7-ல் 204 என்று வரும். 1000 போட்டால் 209 மாதம், வட்டி மிச்சம் மூன்றரை லட்சத்துக்கு மேல். 2000 போட்டால் 186 மாதம், மிச்சம் 6 லட்சத்து 7 ஆயிரம் அளவு. ஆண்டுக்கு ஒரு தவணையை மட்டும் கூடுதலாகக் கட்டினால்? பி5-ஐ 0 ஆக்கிவிட்டு, எஃப் நெடுவரிசையில் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை 17995 போட்டுப் பாருங்கள். 199 மாதம்.

நாற்பது ரூபாய் எங்கிருந்து வரும் என்பதற்கு இரண்டாவது ஷீட். ஏ நெடுவரிசையில் செலவின் பெயர், பக்கத்தில் ஜனவரி முதல் டிசம்பர் வரை. பால், மளிகை, காய்கறி, கேஸ், கரண்ட், பெட்ரோல், மொபைல், டி.வி., மருந்து, ஸ்கூல், மொய். கடைசியில் "இதர" என்று ஒரு வரி எழுதப்போனேன். மனைவி தடுத்துவிட்டார். "அந்த வரிசை இருந்தா எல்லாம் அதுக்குள்ளதான் போகும். பேர் சொல்ல முடியாத செலவு நம்ம வீட்டுல கிடையாது" என்றார். நான் பார்த்த பட்ஜெட் ஆலோசனைகளில் சிறந்தது இதுதான். பெயர் வைக்க வேண்டியிருந்ததாலேயே நேரு வீதியில் "சும்மா" வாங்கி வந்தவை, பெட்டிக்கடை டீ, சண்டே மார்க்கெட் பேரம் எல்லாம் தனித்தனியாக மேலே வந்து நின்றன.

மொய்க்குத் தனி வரி அவசியம். கல்யாண சீசனில் மூன்று பத்திரிகை ஒன்றாக வந்தால் அந்த மாத பட்ஜெட் தரைமட்டம். நாங்கள் பழைய மொய் நோட்டை எடுத்து, யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்று பார்த்து, ஆண்டுத் தொகையை 12-ஆல் வகுத்து மாதாமாதம் ஒதுக்கினோம். இதில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள், உறவு கெடும். மாதா மாதம் ஒதுக்கினால் அந்தச் செலவு தவணைப் பணத்தில் கை வைக்காது.

மிச்சம் கிடைக்கும் இடங்கள் வேறு. சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் அளவுக்கு இழுக்கும். இப்போது கிடைக்கும் பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் 30 வாட்டில் ஓடுகிறது. நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு மாதம் 16 யூனிட் குறையும். மூன்று ஃபேனுக்கு 48 யூனிட். உங்கள் கரண்ட் பில்லில் கடைசி ஸ்லாப் விலை என்ன என்று பார்த்து, அதால் பெருக்கி, ஃபேன் விலை எத்தனை மாதத்தில் திரும்பும் என்பதை ஒரு செல்லில் போட்டுவிடுங்கள். வித்தியாசம் குறைவாக இருந்தால் பழைய ஃபேன் பழுதாகும் வரை காத்திருக்கலாம். யாருமே பார்க்காத டி.வி. பேக்கேஜ், இரண்டாவது சிம் கார்டு ரீசார்ஜ் போன்றவற்றுக்கு இந்தக் கணக்குகூட வேண்டாம். வெட்டிவிட வேண்டியதுதான். காய்கறியிலும் பாலிலும் நாங்கள் கை வைக்கவில்லை. வளரும் பிள்ளை இருக்கும் வீட்டில் அது சேமிப்பே அல்ல என்பது என் கருத்து.

மிச்சம் பிடித்தால் மட்டும் போதாது. ஃபேனில் மிச்சமான பணம் கணக்கிலேயே கிடந்தால் அடுத்த மாதம் பிரியாணியாகிவிடும். சம்பளம் விழும் மறுநாளே அந்தத் தொகை சேமிப்புக் கணக்கிலிருந்து கடன் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் கொடுத்துவிட வேண்டும். சிறு தொகையைத் தனியாக வாங்க மாட்டோம் என்று உங்கள் வங்கி சொன்னால், ஓராண்டு ஆர்.டி. போட்டு, முதிர்ந்ததும் அப்படியே கடனில் கட்டலாம்.

வங்கியில் கவனிக்க வேண்டியவை

கூடுதலாகக் கட்டும்போது எழுத்தில் ஒரு வரி கொடுங்கள்: "இந்தத் தொகையை அசலில் கழிக்கவும். மாதத் தவணையைக் குறைக்க வேண்டாம், தவணைக் காலத்தைக் குறைக்கவும்." இது மிக முக்கியம். சில இடங்களில் கூடுதல் பணத்தை அடுத்த மாதத்து முன்பணமாக வைத்துக்கொள்வார்கள். அல்லது தவணையைக் குறைத்துவிட்டுக் காலத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். எங்கள் கிளையில் இரண்டு முறை நடந்தது. ஷீட்டில் ஈ செல்லும் வங்கி ஸ்டேட்மென்டும் பல ஆயிரம் வேறுபட்டதால் உடனே தெரிந்து, கடிதம் கொடுத்துத் திருத்தினோம். நாள் கணக்கில் வட்டி போடுவதால் சில ரூபாய் வித்தியாசம் எப்போதும் இருக்கும். அதற்குக் கவலை வேண்டாம்.

முன்கூட்டி அடைத்தால் அபராதமா என்று பலர் பயப்படுகிறார்கள். முன்பு பல வங்கிகள் வாங்கின. தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு வங்கிகள் இந்தக் கட்டணத்தை வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூனில் உத்தரவிட்டது. 2025 ஜூலையில் வெளியான விதிகள், 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் மாறும் வட்டிக் கடன்களுக்கு இதை இன்னும் விரிவாக்கியிருக்கின்றன. நிலையான வட்டிக் கடன் என்றால் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

வட்டி ஏறும்போது நடப்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பி4-ல் பார்முலாவை நீக்கி 17995 என்று எண்ணாகவே போடுங்கள். பி5-ல் 0. பி2-ல் 9-க்குப் பதில் 9.5%. இப்போது 240-ஆவது மாதத்திலும் கடன் முடியாது! வரிசைகளை 368 வரை இழுத்து, பி6, பி7 பார்முலாக்களிலும் 248-ஐ 368 ஆக்கினால் 269 மாதம் என்று காட்டும். அரை சதவீதத்துக்கு 29 மாதம். தவணை மாறாததால் நமக்கு ஒன்றும் தெரியாது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 4-லிருந்து 6.5 சதவீதமாக உயர்ந்தபோது பலருடைய கடன் இப்படித்தான் சத்தமில்லாமல் நீண்டது. 7 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு எடுத்த கடன், ஆரம்பத்திலேயே 9 ஆகி, தவணை மட்டும் மாறாமல் இருந்தால் 38 ஆண்டைத் தாண்டும். இதனால்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும் என்றது. கேட்டால், முடிந்தவரை தவணையை உயர்த்தச் சொல்லுங்கள். வட்டி குறையும்போது பழைய தவணையையே தொடருங்கள். அந்த வித்தியாசம் முழுக்க அசலுக்குப் போகும்.

பழைய கடன்காரர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. 2010 ஜூலையில் பேஸ் ரேட், 2016 ஏப்ரலில் எம்.சி.எல்.ஆர்., 2019 அக்டோபரில் ரெப்போ போன்ற வெளி அளவுகோல் என்று வங்கிகளின் வட்டி முறை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள், புதியவர்களுக்கு என்ன வட்டி, மாற எவ்வளவு கட்டணம் என்று கேளுங்கள். பதில்களை பி2-ல் போட்டால் மாறலாமா வேண்டாமா என்று ஷீட்டே சொல்லிவிடும்.

எல்லோரும் இன்றே ஓடிப்போய்க் கடனை அடையுங்கள் என்று சொல்லவில்லை. கிரெடிட் கார்டு பாக்கி, அதிக வட்டி நகைக் கடன் இருந்தால் முதலில் அது. ஆறு மாதச் செலவுக்கான பணம் கையில் இல்லாதவர்கள் அதைச் சேர்த்த பிறகு ஆரம்பிக்கலாம். வீட்டுக் கடனில் கட்டிய பணத்தை ஆஸ்பத்திரிச் செலவுக்குத் திரும்பக் கேட்க முடியாது. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு வட்டிக்கு வரிச் சலுகை உண்டு. அதையும் ஒரு செல்லில் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் 1,182-ல் தொடங்கினோம். பிறகு 2,000 ஆக்கினோம். வட்டி ஏறிய ஆண்டுகளில் போனஸையும் சேர்த்தோம். கடன் முடிந்ததும் செய்ய வேண்டியது சில உண்டு. முழுப் பணமும் கட்டிய 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தங்கள் பக்கம் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் வங்கிகளுக்கு விதி. கடன் முடிந்ததற்கான சான்றிதழ் வாங்குங்கள். அடமானம் சப்-ரிஜிஸ்டிரார் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால் ரத்துப் பத்திரம் பதிவு செய்து, புதிய வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பத்திரங்களை வங்கியில் வாங்கும்போது, கடன் எடுத்த நாளில் அவர்கள் தந்த பட்டியலோடு ஒவ்வொரு தாளாகச் சரிபாருங்கள். அந்தப் பட்டியலை இப்போதே ஸ்கேன் செய்து, இந்த ஒர்க் ஷீட் இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டு, பென் டிரைவிலும் ஒரு காப்பி எடுத்து வைத்துவிடுங்கள்.